எதையும் தொடவில்லை

பிப்ரவரி 10

அக்கா,

போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், நடுவில் லைன் போய்விடும். யார் கடைசியாகக் கத்தியது என்று அடுத்த வாரம் இன்னொரு சண்டை. அதனால் காகிதம். மருந்து வண்டி எப்படியும் புதன்கிழமை மலையேறி உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. டிரைவர் அண்ணனிடம் இந்த உறையைக் கொடுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கிவிட்டேன். ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. சாட்சிக் கையெழுத்து நீ. மறுபேச்சு கிடையாது.

'சர்வரை விட்டுட்டு வரமுடியாதுடா' என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அதைவிட அபத்தமான காரணத்தை நான் கேட்டதில்லை. ஒரு முழு ஆஸ்பத்திரியின் நோயாளிக் குறிப்புகளும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் சர்வர் என்ற ஒரு கிழட்டு மெஷினில் ஓடுகின்றன. அது அடிக்கடி படுத்துக்கொள்கிறது. அப்போது பக்கத்தில் இருக்கிற ஸ்டெப்னி மெஷினில் மென்பொருளைத் திரும்ப ஏற்ற வேண்டும். எப்படி ஏற்றுவது என்பது உன் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது. இது பெருமை இல்லை அக்கா, கோளாறு.

அந்த மென்பொருளை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆகவே தீர்வும் என்னிடமே. உறைக்குள் பென்டிரைவ். அதில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட், கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. ஓட்டினால் எல்லாவற்றையும் அதுவே செய்யும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஓட்டிப் பார், பையைக் கட்டு, வா.

'அவ வராம நான் புதுத்துணியே எடுக்கமாட்டேன்' என்று அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நான் கட்டிக்கொள்ளப் போகிறவள் உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். 'நிதானம்' என்று அவளுக்கு நீ வைத்த பெயர் எங்கள் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிடுவதில்லை.

தம்பி

*

பிப்ரவரி 12

அடேய் அவசரம்,

கல்யாணத்துக்கு வாழ்த்து முதலில். திட்டு பிறகு.

உன் ஸ்கிரிப்டை ஸ்டெப்னி மெஷினில் ஓட்டினேன். 'இணையத்திலிருந்து இறக்குகிறேன்' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போனது. அந்தப் பக்கம் வந்த நர்ஸ், 'என்னக்கா, தியானமா?' என்றாள்.

டேய், இங்கே இணையம் ஏது? தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கையைத் தூக்கினால் போனில் ஒரு கோடு வரும், கையை இறக்கினால் போய்விடும். உனக்கே தெரியும். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, அரிசியைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள் என்றால் எப்படி?

உன் கடிதம் வந்த அன்றே பெரிய டாக்டரிடம் லீவு கேட்டேன். அந்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் பேரம் கிடையாது என்று அர்த்தம். 'நீ இல்லாத நேரத்துல மெஷின் படுத்தா யாரு எழுப்புவா? ஒரு ஆளைக் காட்டு. அவர் என் கண்ணு முன்னாடி எழுப்பிக் காட்டட்டும். அன்னைக்கே லீவுல கையெழுத்துப் போடறேன்.'

எந்நேரமும் வளாகத்திலேயே இருக்கிறவர் மருந்துக்கடை மாமா ஒருவர்தான். எங்கள் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் மாமா. தங்கமான மனிதர். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரே கொள்கை: அது எதைக் கேட்டாலும் என்டர் தட்டிவிடுவார். படிக்கவே மாட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி என்று நீயே முடிவு செய்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்கா

*

பிப்ரவரி 17

அக்கா,

சரி, தப்பு. இந்த வார்த்தையைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள், என்னிடமிருந்து அடிக்கடி வராது.

இப்போது எல்லாம் ஒரே கோப்புக்குள். மேலே ஸ்கிரிப்ட், அதன் வாலில் மொத்த மென்பொருளும் சுருட்டிக் கட்டியிருக்கிறது. ஓட்டினால் தன் வாலைத் தானே அவிழ்த்துப் போட்டுக்கொள்ளும். கட்டுச்சோறு. வழியில் யாரிடமும் தண்ணீர்கூடக் கேட்காது. பழைய குப்பை இருந்தால் அதையும் பெருக்கித் தள்ளிவிடும்படி செய்திருக்கிறேன்.

நிதானம் எட்டிப் பார்த்தாள். 'அந்த மெஷின்ல ஏற்கெனவே என்ன இருக்குன்னு அக்காகிட்ட கேட்டியா?'

'எனக்குத் தெரியாதா?' என்றேன்.

'அதைத்தான் நானும் கேக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவளோடு ஆயுள் முழுக்க இருக்கப் போகிறேன் என்பதை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

மாமாவை உட்காரவை. டாக்டரைக் கூப்பிடு. லீவு வாங்கு. தேதியைப் பற்றி நேரில் சண்டை போடலாம்.

தம்பி

*

பிப்ரவரி 19

தம்பி,

சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாமா உட்கார்ந்தார். பெரிய டாக்டர் பின்னால் நின்றார். கட்டுச்சோறு அழகாக அவிழ்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் திரையில் ஒரு கேள்வி: 'பழைய கோப்புகள் இருக்கின்றன. அழிக்கலாமா?' மாமா என்டர் தட்டினார். சும்மா என்டர் தட்டினால் அதை 'சரி' என்று எடுத்துக்கொள்ளும்படி நீ எழுதியிருக்கிறாய். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்பதற்குள் ஸ்டெப்னியில் இருந்த நோயாளிக் குறிப்புகள் முழுதும் போய்விட்டன.

பதறாதே. அது நகல். அசல் பெரிய மெஷினில் பத்திரமாக இருந்தது, திரும்ப எடுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் அசல் மெஷின் படுத்திருக்கிற நாளில்தானே இதை ஓட்டுவார்கள்? அன்றைக்கு அந்த நகல்தான் ஆஸ்பத்திரியின் ஒரே நினைவு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. 'லீவா? பாக்கலாம்' என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். மாமா அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். 'நான் என்னம்மா பண்ணேன்? அது கேட்டுச்சு, நான் தட்டினேன்' என்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பவே வெகு நேரமாகிவிட்டது.

என் கோபம் மாமா மேல் இல்லை. நீ கேள்வி கேட்கிறாய், பதிலையும் நீயே எழுதி வைத்திருக்கிறாய். கல்யாணத் தேதி மாதிரியே.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்கா,

'அழிக்கலாமா' என்று தாய்மொழியில் கேட்டால், படிக்காமல் தட்டுகிறவருக்கு நான் என்ன செய்ய முடியும்? இவர் கொடுக்கிற மாத்திரையை விழுங்குகிற நோயாளிகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை. உலகத்தில் எல்லா ஸ்கிரிப்டும் இப்படித்தான் கேட்கிறது. எல்லா மனிதர்களும் படித்துத்தான் பதில் சொல்கிறார்கள்.

உனக்கு வர இஷ்டமில்லை என்றால் நேரடியாகச் சொல்லிவிடு. ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். சாட்சிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

(இந்த ஓரத்தில் எழுதுவது நான். 'இதை அனுப்பாதே, நாளைக்குப் படிச்சுப் பாரு' என்று சொன்னேன். உங்கள் தம்பி உறையை ஒட்டிவிட்டார், நான் பிரித்து எழுதி மறுபடி ஒட்டுகிறேன். அக்கா, உங்களுக்கு எந்த நாள் வசதி? நீங்கள் இல்லாமல் எனக்கும் கையெழுத்துப் போட மனமில்லை. நிதானம்.)

*

மார்ச் 5

அவசரத்துக்கு,

போன வார வண்டியில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உன் மொழியில் பதில் எழுதிவிடுவேனோ என்று பயம்.

முதலில் மாமாவைப் பற்றி. மருந்துச் சீட்டு என்றால் வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை படிக்கிற மனிதர். சந்தேகம் வந்தால் டாக்டரையே திருப்பி அனுப்புவார். அவரிடமே கேட்டேன், 'இதை மட்டும் ஏன் மாமா படிக்கமாட்டேங்கிறீங்க?' அவர் சொன்னார்: 'சீட்டு என்னை நம்பி வருதும்மா. இது என்னை நம்பறதே இல்லை. ஓட்டுன்னு சொல்லிட்டேன், அப்புறமும் நிச்சயமா, நிச்சயமான்னு நச்சரிச்சா? வாயை மூடத்தான் தட்டறேன்.' சிரிக்காதே. உன் கம்ப்யூட்டரில் நீ எத்தனை கேள்விகளைப் படிக்காமல் தட்டுகிறாய் என்று நிதானத்தைக் கேள்.

இரண்டாவது, எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீ நினைப்பாய். போன மழையில் மெஷின் படுத்தபோது நான் காய்ச்சலில் கிடந்தேன். பரிசோதனைக் கூடத்திலிருந்து குழந்தைகள் வார்டு வரைக்கும் நர்ஸ்கள் காகிதத்தைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினார்கள். மை கரைந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு, இது ஒன்றா ஏழா என்று நாலு பேர் ஜன்னலோரம் நின்று பார்த்தார்கள். கடைசியில் குழந்தையிடமிருந்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அது அழுத அழுகை என் அறைவரை கேட்டது. அன்றைக்கு எழுந்து போய் எழுப்பினேன். அடுத்த தடவை நான் உன் கல்யாணத்தில் இருந்தால்?

எனக்கு ஒரு கெட்டிக்கார ஸ்கிரிப்ட் வேண்டாம்டா. முதலில் பார்க்கட்டும், பிறகு தொடட்டும். எதுவாவது சரியில்லை என்றால் நிற்கட்டும். நின்று, என்ன காரணம் என்று ஒரே வரியில் சொல்லி, 'எதையும் தொடவில்லை' என்றும் சொல்லட்டும். 'முடியாது' என்று சொல்லத் தெரியாத ஒன்றை நம்பி இந்த ஆஸ்பத்திரியை விட்டுவர என்னால் முடியாது.

வர இஷ்டமில்லை என்று இன்னொரு தடவை எழுதினால் வண்டியேறி வந்து காதைத் திருகுவேன். புது உடுப்பு தைக்கக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. தையல்காரர் 'இடுப்பு அளவு போன வருஷத்துதா, இந்த வருஷத்துதா?' என்று கேட்டதையும் பொறுத்துக்கொண்டேன். எல்லாம் உனக்காக.

நிதானத்துக்கு: கேட்டதற்கு நன்றிம்மா. இங்கிருந்து கீழே வர ஒரே வண்டி, இந்த மருந்து வண்டிதான். அது வெள்ளிக்கிழமை கிளம்பி மாலையில்தான் ஊர் சேரும். உங்கள் முகூர்த்தமோ அதே வெள்ளிக்கிழமை காலை. நான் வருவதற்குள் நீங்கள் புருஷன் பெண்டாட்டி ஆகி, முதல் சண்டையும் முடிந்திருக்கும்.

அக்கா

*

மார்ச் 17

அக்கா,

வண்டி விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. தேதி வாங்கிய அன்று டிரைவர் அண்ணனோடு நின்று டீ குடித்தேன், கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே பதிவு அலுவலகம் போய்த் தேதியை ரத்து செய்தேன். குமாஸ்தா குரலைத் தாழ்த்தி, 'தம்பி, பொண்ணு வேண்டாம்னுடுச்சா?' என்றார். 'இல்லை சார், அக்காவைக் கேக்க மறந்துட்டேன்' என்றேன். 'அதுக்குப் பொண்ணு வேண்டாம்னு சொல்லியிருந்தாலே பரவாயில்லையே' என்றார். அவருக்கும் ஓர் அக்கா இருக்கிறாளாம்.

இப்போது ஸ்கிரிப்ட். முழுதும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

ஓட்டியதும் அது வெறுமனே பார்க்கும். இடம் இருக்கிறதா, மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா, தன் வாலில் இருக்கிற மூட்டை வழியில் சேதமாகாமல் வந்திருக்கிறதா. ஒன்று சரியில்லை என்றாலும் நீ சொன்ன வரியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். எல்லாம் சரியென்றால் மூட்டையைத் தனியாக ஒரு தற்காலிக இடத்தில் பிரிக்கும். அங்கே முழுதாகத் தயாரான பிறகே, ஒரே நொடியில் புதியதை உரிய இடத்துக்கு மாற்றும். பழைய மென்பொருளை அழிக்காது, ஓரமாக எடுத்து வைக்கும். நோயாளிக் குறிப்புகள் பக்கமே போகாது. நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை ஓட்டும்போது தான் போட்டதை மட்டும் பொறுக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். பென்டிரைவிலிருந்து பாதிதான் நகலானது என்றால் ஓடவே ஓடாது. ஏனென்றால் 'தொடங்கு' என்கிற வரியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அந்த வரி வந்து சேராமல் மேலே இருப்பது எதுவும் அசையாது.

மாமாவுக்காக: கேள்வி ஒன்றே ஒன்று. வெறும் என்டர் என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். வேண்டும் என்றால் ஆங்கில எழுத்தில் 'போடு' என்று முழு வார்த்தையையும் அடிக்க வேண்டும்.

சோதித்தது நிதானம். என் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து, ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினாள். பென்டிரைவை உருவினாள். டிஸ்க் முழுக்கச் சினிமாவை நிரப்பினாள். ஒரே சமயத்தில் இரண்டு ஜன்னலில் ஓட்டினாள். அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவை அது விழும்போதும் 'அடுத்தது' என்பாள். கடைசி மூன்று நாள் அவளால் எதையும் உடைக்க முடியவில்லை. முகம் தொங்கிப்போனது. பிரியாணி வாங்கித் தருகிறேன் என்றேன், 'வேண்டாம், இன்னொரு தடவை பிளக்கைப் பிடுங்கறேன்' என்றாள்.

கடைசியாக ஒரு கேள்வி. உனக்கு எந்த நாள் வசதி? பதிலை நான் எழுதி வைக்கவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

..............................

தம்பி

*

மார்ச் 26

என் தங்கத் தம்பிக்கு,

(ஆமாம், தங்கம். இதையும் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.)

பெரிய டாக்டரை மறுபடி கூட்டிவருவதே பெரும்பாடு. மாமா அதைவிட. 'என் கைராசி அப்படிம்மா, விட்டுடு' என்று ஒதுங்கினார். செய்தி பரவி, வேலை முடிந்த நர்ஸ்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஓட்டினார். கேள்வி வந்தது. என்டர் தட்டினார்.

'வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். எதையும் தொடவில்லை.'

மறுபடி ஓட்டினார், மறுபடி தட்டினார். அதே பதில். மூன்றாவது தடவை கோபம் வந்து கொஞ்சம் ஓங்கித் தட்டினார். அதே பதில். வாசலில் சிரிப்பு. மாமா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மருந்துச் சீட்டுக்கு மட்டும் எடுக்கிற கண்ணாடி அது. வாய்விட்டுப் படித்தார். 'ஓ, போடுன்னு சொல்லணுமாம்! முன்னாடியே சொல்றதுக்கென்ன?' ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார்.

எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தோம். அது பார்த்தது. நின்றது.

'இடம் போதவில்லை. மிக அதிக இடம் பிடித்திருப்பது: பேத்தி டான்ஸ். எதையும் தொடவில்லை.'

அந்தப் பெயரில் யார் எதை வைத்திருப்பார்கள் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். 'அது... என் லாப்டாப் நிறைஞ்சுபோச்சு. போன வாரம்தான் இதுல கொண்டுவந்து வச்சேன்' என்றார். மாமா திரும்பி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கட்டுப்பாடான ஆஸ்பத்திரிடா இது, ஒரு ஊசி கணக்கில் வராவிட்டால் அந்தம்மா உயிரை எடுத்துவிடுவார். அவர் முகம் சிவந்து, அப்புறம் அவரே முதலில் சிரித்துவிட்டார். நர்ஸ்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள்போல வெடித்தார்கள்.

சிரித்து முடித்ததும் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, இனி பேரம் கிடையாது என்று நினைத்தேன். கண்ணைத் துடைக்கத்தான் கழற்றியிருக்கிறார். 'போன தடவை வந்தது என் பேத்தியைப் பெருக்கித் தள்ளியிருக்கும். இது கையைக் கட்டிக்கிட்டு நிக்குது பாரு' என்றார். 'டாக்டர், இன்னும் போட்டு முடிக்கலையே' என்றேன். 'போடறதை எவனும் போடுவான்ம்மா. நிறுத்தத் தெரியுதா, அதைத்தான் பாத்தேன். விண்ணப்பத்தைக் கொண்டா.'

பேத்தியை வேறு டிஸ்குக்குக் குடிபெயர்த்தோம். மாமா மறுபடி ஓட்டினார். (முதலில் என்டர்தான் தட்டினார், பழக்கம்.) பிறகு 'போடு'. 'போட்டாச்சு' என்று வந்தது. சோதனைக்காகப் பெரிய மெஷினை அணைத்திருந்தோம்; வார்டில் இருக்கிற திரைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. மாமா எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று மருந்து வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார்.

நீ இடம் விட்ட கோட்டில் எழுதவேண்டியது: மே 2, சனிக்கிழமை. முந்தின நாள் மாலை வந்து சேருவேன், புதன்கிழமை வண்டியில் திரும்புவேன். ஆனால் இது என் வசதி மட்டும். அம்மாவையும் நிதானத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய். கேட்கப் பழகிவிட்டாய், நடுவில் விட்டுவிடாதே.

அக்கா

*

மார்ச் 31

அக்கா!

அம்மாவைக் கேட்டேன், சரி. நிதானத்தைக் கேட்டேன், ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி. அவளிடம் அதற்குக் குறைந்து எதிர்பார்க்க முடியாது. குமாஸ்தா, 'அக்கா ஒத்துக்கிட்டாங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார். மே 2, காலை பதினோரு மணி.

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு சின்ன வரி சேர்த்து அனுப்புகிறேன். மாமாவிடம் கொடுத்துவிடு. நீ திறந்து பார்க்காதே. உன் அனுமதியோடுதான் கேட்கிறேன்: பார்க்காதே, சரியா?

அம்மா துணிக்கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

தம்பி

*

மே 7

தம்பிக்கும் நிதானத்துக்கும்,

நல்லபடியாக மலையேறிவிட்டேன். நீ பேனா மூடியைக் கழற்றாமலே கையெழுத்துப் போடப் போனதை நான் மட்டும் பார்க்கவில்லை, குமாஸ்தாவும் பார்த்தார். நிதானம் தன் பெயரை எழுதுவதற்குள் அடுத்த ஜோடி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதை நினைத்து வண்டியில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். டிரைவர் அண்ணன் பயந்துபோய் வேகத்தைக் குறைத்தார்.

இறங்கியதும் மெஷின் அறைக்குத்தான் ஓடினேன். பெரிய மெஷின் அணைந்து கிடந்தது. பக்கத்தில் ஸ்டெப்னி சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. மருந்தகத்துக்குப் போனேன். மாமா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

'எப்ப மாமா படுத்துச்சு?'

'சனிக்கிழமை காலைல.'

நான் உங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதே காலை! ஏன் எனக்குப் போன் செய்யவில்லை என்று கேட்டேன். 'பெரிய டாக்டர் பண்ணச் சொன்னாங்க. தொட்டி மேல ஏறவும் ஏறிட்டாங்க. நான்தான் கீழே இறங்கச் சொன்னேன். அதுலயே எழுதியிருந்துச்சே, நான் மூணு தடவை படிச்சேன்' என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். திரையில் வந்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்:

'போட்டாச்சு. நன்றி மாமா. அக்காவைக் கூப்பிட வேண்டாம், அவள் என் கல்யாணத்தில் இருக்கிறாள்.'

மருந்தகத்தில் கூட்டமாக இருந்தது. இருந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமா கண்டுகொள்ளாததுபோல் பாட்டில்களை அடுக்கினார். வார்டைச் சுற்றி வந்தேன். நர்ஸ்கள் உடுப்பைப் பற்றிக் கேட்டார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், சர்வரைப் பற்றி ஒருத்தி வாய் திறக்கவில்லை. நான் இல்லாததை ஆஸ்பத்திரி கவனிக்கவே இல்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அன்று மத்தியானம் நெடுநாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

சாயந்திரம் மாமா என் அறை வாசலில் வந்து நின்றார். கண்ணாடி போட்டிருந்தார்.

'உனக்கு இன்னொரு தம்பி இருக்கானாம்மா?'

'இல்லையே மாமா, ஏன்?'

'இல்லை, கல்யாணம் கில்யாணம் ஏதாவது இருந்தா தாராளமா போயிட்டு வா. இங்கே நான் பாத்துக்கறேன்.'

அக்கா